எட்டால் வகுபடும் புதன்கிழமை

“என் பொண்டாட்டி செத்து இன்னையோட பதினாலு நாளாச்சு மேடம். அவளுக்கு யார்கூடப் பழக்கம் இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுத் தரணும்.”

கௌதம் இதைச் சொன்னபோது கீழே பேக்கரியில் பன் வெந்துகொண்டிருந்தது. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையத்தில் யார் வந்து எந்தத் துக்கத்தைச் சொன்னாலும் வெண்ணெய் வாசனையோடுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வீரலட்சுமி அவனைப் பார்த்தாள். துப்பறிய வருவதற்கு முன் அவள் ஒரு தொழிற்சாலை வாசலில் பெண்களைச் சோதனை போடும் செக்யூரிட்டியாக இருந்தவள். ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களின் பையையும் இடுப்பையும் தடவித் தடவி அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எவள் எதை எடுத்துப் போகிறாள் என்பதைவிட, எவள் அழுதுவிட்டு வருகிறாள் என்பது கைக்கு முதலில் தெரிந்துவிடும்.

எதிரே இருந்தவன் அழுதிருக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

“எப்படி இறந்தாங்க?”

“டெங்கு. மூணே நாள் காய்ச்சல். ரத்தத்துல தட்டணு இறங்கிருச்சுன்னாங்க. சாத்தூர்ப் பக்கம் எங்க ஊர். அங்க கொண்டுபோய் நான்தான் கொள்ளி வச்சேன். வீட்டைக் காலி பண்ணலாம்னு முந்தாநாள் வந்தேன். பீரோல சேலைக்கு அடியில இது இருந்துச்சு.”

நான்காக மடித்த ஒரு தாளை மேசையில் விரித்தான். கம்ப்யூட்டரில் எடுத்த பிரிண்ட். இடது பக்கம் வரிசையாகத் தேதிகளும் கிழமைகளும். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு சைபர். எங்கோ ஓரிடத்தில் மட்டும் சைபருக்குப் பதில் ஒன்று. அந்த ஒன்றுகளைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் வட்டம்.

“வட்டம் போட்டது எல்லாம் புதன்கிழமை. அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில வேலை, புதன்தான் வார லீவு. காலையில கம்ப்யூட்டர் கிளாஸ் போவா. எக்செல் படிச்சா லைன் லீடர் ஆகலாம்னு சொல்லுவா. என் ஃபோன்ல அட்டெண்டன்ஸ் ஆப் இருக்கு. அதை வச்சுப் பார்த்தேன்.” அவன் குரல் கரடுமுரடானது. “வட்டம் போட்ட அத்தனை நாளும் நான் ட்யூட்டில இருந்திருக்கேன்.”

“உங்களுக்கு என்னைக்கு லீவு?”

“எனக்கு லீவே கெடையாது மேடம். ஒரு வருசமா எடுக்கல. நான் ஹீட் ட்ரீட்மெண்ட்ல, இரும்பைச் சூடு பண்ற உலையில இருக்கேன். உலை நிக்காதுல்ல.”

“சரி. வேற ஏதாச்சும்?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “சொல்லவே கேவலமா இருக்கு. அப்பப்ப ஒரு புதன்கிழமை நான் திரும்பி வாரப்ப வீட்ல கறிக்குழம்பு இருக்கும். இன்னைக்கு என்ன விசேசம்னு கேட்டா, சும்மா தோணுச்சும்பா. ரெண்டு தட்டு கழுவிக் கவுத்து வச்சிருக்கும். ரெண்டு டம்ளர். அப்பல்லாம் ஒண்ணும் தோணல. இப்ப வேற எதுவுமே தோணல.”

“குழம்பு எவ்வளவு மிச்சம் இருக்கும்?”

“என்ன மேடம்?”

“நீங்க வர்றப்ப சட்டியில எவ்வளவு இருக்கும்னு கேக்கறன்.”

“நான் சாப்பிட்டதுபோக மறுநாளைக்கும் கெடக்கும்.”

வீரலட்சுமி தலையசைத்தாள். அவன் ஃபோன் அடித்தது. திரையில் ‘பவளம் அத்தை’ என்று வந்தது. அவன் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்ததும், தானே சொன்னான்:

“என் மாமியார். நாளன்னைக்குக் கருமாதி. கொள்ளி வச்சவன்தான் உக்காரணும். சாயங்காலப் பஸ்ல கெளம்பி வந்துருங்க மாப்ளேன்னு நேத்துலேர்ந்து கூப்பிடுதாக. எவனோ ஒருத்தனுக்குக் கறி ஆக்கிப் போட்டவளுக்கு நான் எதுக்கு மேடம் எள்ளும் தண்ணியும் விடணும்? உக்கார மாட்டேன்னா ஏன்னு ஊரே கேக்கும். கேட்டா நான் சொல்லிருவேன்.”

“சொல்லிட்டா?”

“அதுக்கப்புறம் அந்தக் குடும்பம் ஊர்ல தலை நிமிர முடியாது. தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன். பஸ் கெளம்புறதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்.”

முகவரிக்காகக் கம்பெனி அடையாள அட்டையின் ஜெராக்ஸையும் மாமியாரின் எண்ணையும் கொடுத்துவிட்டு அவன் படியிறங்கினான். கடைசிப் படியில் கால் தடுக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும் சத்தம் மேலே கேட்டது.

அதுவரை மூலையில் டீ கிளாஸோடு ஊமையாக இருந்த மாதேஷ் எழுந்தான். அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூருக்கு வந்தவன். வீரலட்சுமியின் ஒரே உதவியாளன், ஓட்டுநன், சில நாட்களில் கடன்காரனும்கூட.

“அக்கா, இந்தத் தேதியெல்லாம் கவனிச்சீங்களா? ரெண்டு வட்டத்துக்கு நடுவுல சரியா எட்டு வாரம். எல்லாத்துக்கும் அதே எட்டு. எட்டு வாரத்துக்கு ஒரு தடவ வர்றவன் எல்லாம் ஒரு கள்ளக்காதலனா? கேஸ் சிலிண்டர்கூட அதுக்கு முன்னாடி வந்துரும்.”

“வண்டிய எடு.”

“எங்க ஊர்ல யானைகூட இவ்வளவு ஒழுங்கா வராதுக்கா. வெள்ளாமை விளையணும், பலா பழுக்கணும்…”

“எடுறான்னா.”

கம்ப்யூட்டர் மையம் ராயக்கோட்டை சாலையில், டயர் கடைக்கு மேலே இருந்தது. வழியெல்லாம் மாதேஷ் ‘கம்ப்யூட்டர் சாரை’ எப்படி மடக்குவது என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தான். தங்கைக்குச் சேர்க்கை கேட்பது போல நுழைந்து, சாரின் சட்டை, செண்ட், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் நோட்டம் விட்டு, பேச்சுவாக்கில் கௌதமின் மனைவி தர்ஷினியின் பெயரை வீசி, முகத்தைப் படிப்பது. ஒரு ஷிஃப்ட் பேருந்து குறுக்கே திரும்பியபோதுகூட அவன் திட்டத்தை நிறுத்தவில்லை.

மேலே போனால் சாரே இல்லை. நிறைமாத வயிற்றை மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து உட்கார்ந்திருந்த ஜெயப்ரியா என்ற பெண்தான் எக்செல் டீச்சர்.

“ஆரம்பத்துலேர்ந்தே நீங்கதானா?” என்றான் மாதேஷ், ஏமாற்றத்தை மறைக்காமல்.

“நான்தாங்க. ஏன், வேற யாரு இருக்கணும்?” என்றவள் வீரலட்சுமியிடம் திரும்பினாள். “தர்ஷினி அனுப்புனாளாக்கா? ரெண்டு வாரமா ஆளையே காணோம். ஃபோனும் எடுக்க மாட்றா. வந்தான்னா நல்லா திட்டி விடுங்க. டெஸ்ட் வச்சிருக்கறன்.”

மாதேஷ் தரையைப் பார்த்தான். வீரலட்சுமி தன் நாற்காலியை ஜெயப்ரியாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

வெகு நேரம் ஜெயப்ரியா அழுதாள். அடுத்த அறையில் பையன்கள் டைப் அடிக்கும் சத்தம் மழைபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே டயருக்குக் காற்றடித்தார்கள். பிறகு அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்து, அந்தப் பிரிண்டை வாங்கிப் பார்த்தாள்.

“இது நான்தான் பிரிண்ட் போட்டுத் தந்தன். ஆனா இதைப் பாத்து ஒண்ணும் புரியாதுக்கா. பிரிண்ட்ல விடை மட்டும்தான் வரும். கேள்வி மெஷினுக்குள்ளதான் இருக்கும்.”

நான்காம் எண் கம்ப்யூட்டரில் தர்ஷினியின் கோப்பைத் திறந்தாள். தாளில் இருந்த அதே தேதிகள், அதே சைபர்கள். “பாத்தீங்களா? ஏ, பி, அப்புறம் நேரா எஃப். நடுவுல மூணு காலத்த, மேலேர்ந்து கீழ போற மூணு வரிசைய, மறைச்சு வச்சிருக்கா.” அவள் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள். திரை விலகியது போல மூன்று வரிசைகள் வெளியே வந்தன. தலைப்புகள்: எட்டு. ஏழு. எங்க.

“எட்டு, ஏழு, எங்க” என்று படித்தான் மாதேஷ். “பாங்க் பாஸ்வேர்டு மாதிரி இருக்குக்கா.”

“இது என்னா கணக்கும்மா? எனக்குக் கூட்டல் கழித்தலுக்கு மேல போகாது” என்றாள் வீரலட்சுமி.

“அவ்வளவுதாங்க்கா இதுவும். முத மாசம் சம் நடத்தினன். கூட்டறது. அப்புறம் ஆவரேஜ், ரவுண்டு. எல்லாரும் பசங்க மார்க்கு, மளிகைக் கணக்குன்னு போட்டுப் பழகுவாங்க. இவ தேதியா அடிச்சா. ரெண்டு கணக்கு ஒண்ணாச் சேர்ற நாளைக் கண்டுபிடிக்க ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா. மாட்னு ஒண்ணு சொல்லிக் குடுத்தன். வகுத்தா என்னா மிச்சம்னு சொல்லும். கம்ப்யூட்டருக்குத் தேதியும் ஒரு நம்பர்தான். இந்த எட்டுங்கற காலத்துல, தேதிய எட்டால வகுத்து மிச்சம் சைபர்னா ஒண்ணு போட்டுருக்கா. ஏழுங்கறதுல ஏழால வகுத்து மிச்சம் நாலுன்னா ஒண்ணு. கடைசில ரெண்டையும் பெருக்கியிருக்கா. ரெண்டுமே ஒண்ணா இருந்தாத்தான் ஒண்ணு வரும். ஒரு பக்கம் சைபர்னாலும் போச்சு.”

“ஏழால வகுத்தா ஒரே கிழமை வரும். அது அவளோட புதன்கிழமை லீவு” என்றாள் வீரலட்சுமி மெதுவாக. “எட்டு யாரு?”

“அவன்தான்” என்றான் மாதேஷ். “எட்டு நாளைக்கு ஒரு தடவ ஃப்ரீயா இருக்கறவன்.”

வீரலட்சுமி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த வட்டம் போட்ட புதன்ல எல்லாம் கிளாசுக்கு வந்தாளா?”

ஜெயப்ரியா தயங்கினாள். இறந்தவளைக் காட்டிக் கொடுக்கிறோமோ என்ற தயக்கம். “இல்லக்கா. அந்த நாள்ல மட்டும் வரமாட்டா. வீட்ல வேலை இருக்குன்னு முன்னாடி வாரமே சொல்லிருவா. சொல்றப்பவே மொகம் ஒரு மாதிரி இருக்கும். சந்தோசமா. மறுவாரம் வர்றப்ப அது இருக்காது.”

“முடிஞ்சுது கேசு” என்று மாதேஷ் முணுமுணுத்தான். “எங்க-ங்கற காலத்துல என்னாக்கா இருக்கு? இடம் போட்டிருக்காளா?”

போட்டிருந்தாள். முதல் வட்டத்துக்கு நேரே, ஓசூர்க்காரர்கள் பொழுதுபோக்கப் போகும் கெலவரப்பள்ளி அணை என்று இருந்தது.

“அது எழுத்துக் கணக்கு” என்றாள் ஜெயப்ரியா. “ரெண்டு செல்லுல இருக்கறத ஒட்டறது. ‘புதன்’ ஒரு இடத்துல இருக்கு, ‘கெலவரப்பள்ளி அணை’ இன்னொரு இடத்துல. ஒட்டி ஒரே வரியா ஆக்கிருக்கா. இது நடத்துன அன்னிக்கு ட்ரிம்மும் சொல்லிக் குடுத்தன். வார்த்தைக்கு முன்னாடி பின்னாடி தேவையில்லாம இருக்கற காலி இடத்த எடுத்துரும். நடுவுல எவ்வளவு இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு விட்டுட்டு மிச்சத்த எடுத்துரும். அதைக் கேட்டு அப்படிச் சிரிச்சா. எங்க வீட்டுக்கு இதை ஒரு தடவ போட்டு விடுங்கக்கான்னா.”

வீரலட்சுமி திரையை நோக்கி விரலை நீட்டினாள்.

“அடுத்த வட்டத்துக்குப் போம்மா. அங்க எந்த இடம்?”

“கெலவரப்பள்ளி அணை.”

“அதுக்கடுத்து?”

“அதேதான். அதுக்கடுத்தும். வருசம் பூரா அதே அணை.” ஜெயப்ரியா ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்தாள். மேலே இருந்த வெள்ளைப் பட்டையில் எழுத்துகள் மாறின. “மொதல் தடவ மட்டும்தான் கையால அடிச்சிருக்கா. மிச்சமெல்லாம் மேல இருக்கறத அப்படியே கீழ எடுத்துக்கச் சொல்லிட்டா.”

வீரலட்சுமி நாற்காலியில் சாய்ந்தாள். அவள் குரல் தணிந்துவிட்டது.

“மாதேசு, ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்தா அடுத்த தடவைக்கு என்னா எழுதுவ?”

“வேற எடம் எழுதுவன்.”

“இவ எழுதல. மாத்தாம அதையே கீழ கீழ இறக்கிக்கிட்டு வந்திருக்கா. ஏன்னா போகவேயில்ல. அந்தக் கறிக்குழம்பு. விருந்தாளி வந்து சாப்பிட்ட வீட்ல மறுநாளைக்கு மிஞ்சற அளவுக்குக் குழம்பு கெடக்குமா? ரெண்டு பேருக்கு ஆக்கியிருக்கா. ரெண்டு தட்டு வச்சிருக்கா. வரவேண்டிய ஆளு வரல.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட.”

மாதேஷ் மவுஸைக் கையில் வாங்கிக்கொண்டான். அவனால் சும்மா உட்கார முடியாது. “கணக்கு எங்கதான் முடியுதுன்னு பாக்கறன் இருங்க” என்று கீழே கீழே ஓட்டினான். வருடங்கள் ஓடின. சைபர்கள் புழுதி மாதிரிப் பறந்தன. எப்போதாவது ஒரு ஒன்று மின்னி மறைந்தது. திடீரென்று அவன் சிரித்தான்.

“அக்கா, இங்க பாருங்க! ரெண்டாயிரத்து அம்பத்தி நாலுல ஆளு டெய்லி வர்றான்!”

உண்மைதான். அந்த வருடம் ஜூன் மாதக் கடைசிவரை சைபர்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று. புதன் மட்டுமல்ல. எல்லாக் கிழமையும்.

ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள். “இது ஃபார்முலா இல்லையே. வெறும் ஒண்ணு. மேல இருக்கறத அப்படியே கீழ இழுத்து நிரப்பவும் இல்ல. இங்க பாருங்க, ஒரு இடத்துல பதினொண்ணுன்னு தப்பா விழுந்திருக்கு. ஒவ்வொண்ணா உக்காந்து அடிச்சிருக்கா. மேல பத்தாயிரம் வரிக்கு இழுத்து விட்டவளுக்கு, இதை இழுக்கத் தெரியாதா என்னா?”

வீரலட்சுமி கைப்பையைத் திறந்தாள். கௌதம் கொடுத்துப் போன அடையாள அட்டையின் ஜெராக்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உதடுகள் அசையக் கணக்குப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்த மாதேஷின் சிரிப்பு நின்றுபோனது.

“கம்பெனில எத்தினி வயசுல ரிட்டயர்மெண்ட்டு?”

“அம்பத்தெட்டு” என்றான் அவன். “பொறந்த மாசக் கடைசில அனுப்பிருவாங்க.”

“இவன் தொண்ணூத்தாறுல பொறந்தவன். ஜூன் மாசம்.”

மாதேஷ் விரல் விட்டு எண்ணப் போய் பாதியில் நிறுத்தினான்.

“உலைல வேலை பாக்கறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கெடையாது” என்றாள் வீரலட்சுமி. “நான் கேட்ல இருந்தப்பவே அப்படித்தான். ஏழு நாள் வேலை, எட்டாவது நாள் ஆஃப். அந்த எட்டு அவன்தான். அவ பொண்டாட்டிடா. புருசனோட ஆஃபும் தன்னோட ஆஃபும் என்னைக்கு ஒண்ணா வரும்னு பாத்திருக்கா. அதுக்குத்தான் இவ்வளவும் படிச்சிருக்கா.”

ஓரத்தில் ஒரு செல்லில் சம் போட்டிருந்தது. ரிட்டயர்மெண்ட் வரைக்குமான எல்லா ஒன்றுகளின் கூட்டுத்தொகை. முப்பது வருட வாழ்க்கைக்கு அது இருநூறைக்கூடத் தொடவில்லை. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அவள் கீழே போய், எல்லா நாளும் இருவருக்கும் லீவாக இருக்கப்போகும் அந்த வருடத்தைக் கையாலேயே அடித்திருக்க வேண்டும்.

ஜெயப்ரியா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

“அக்கா” என்றான் மாதேஷ். “அவன்கிட்ட ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லிரலாமா?”

“சொன்னா கருமாதில உக்கார மாட்டான். ஊர்ல வாயத் தொறப்பான். செத்த புள்ள பேரு நாறிப் போயிரும்.”

“இதைச் சொன்னா அவன் என்னா ஆவான்?”

அவள் எழுந்தாள். பிரிண்டை மடித்து எடுத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் தெற்கே போகும் பேருந்துகள் நிற்கும் பக்கம் கௌதம் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் பை இல்லை. ஏறும் உத்தேசத்தோடு அவன் வரவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. எதிரே கோவில்பட்டிப் பேருந்து, ஓட்டுநர் இன்னும் ஏறாமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட்டுக்குப் போகும் பெண்கள் கழுத்தில் அட்டையோடு கன்னடத்திலும் தமிழிலும் கத்திப் பேசிக்கொண்டு கடந்து போனார்கள்.

“பேர் கெடச்சுச்சா மேடம்?”

வீரலட்சுமி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல், தாளை அவன் மடியில் விரித்து, எட்டு எது, ஏழு எது, ஏன் இரண்டையும் பெருக்க வேண்டும் என்று சொன்னாள். கெலவரப்பள்ளி அணையைச் சொன்னாள். மிஞ்சிய குழம்பைச் சொன்னாள். ரெண்டாயிரத்து அம்பத்தி நாலைச் சொல்லும்போது மாதேஷ் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

கௌதம் வட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஃபோனை எடுத்து ஏதோ தேதியைத் தேடினான். இன்னொன்றைத் தேடினான். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

“இதெல்லாம் என் ஆஃப்தான்” என்றான். “ஷெட்யூல்படி என் ஆஃப்தான் மேடம். எனக்கே மறந்துபோச்சு. நான் எடுக்கறதே இல்லையா, கணக்கே விட்டுப்போச்சு.”

“அவங்க கேக்கலியா?”

“கேட்டா. எட்டாவது நாள் உங்களுக்கு ஆஃப் வருமே, ஏன் எடுக்க மாட்டேங்கறீங்கன்னு கேட்டா. கம்பெனில குடுக்க மாட்டேங்கறாங்கன்னு பொய் சொன்னேன்.”

“என்னாத்துக்கு?”

அவன் மடியில் இருந்த தாளைத் தடவினான்.

“ஆஃப் அன்னைக்கு வேலை பாத்தா பதிலுக்கு இன்னொரு நாள் லீவு, காம்ப் ஆஃப் தருவாங்க மேடம். எங்க ஊர்ப் பசங்க எல்லாரும் அப்படித்தான் சேத்து வைப்போம். சேத்து மொத்தமா எடுத்துட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போவோம். நான் ஒரு வருசமா ஒண்ணுவிடாம சேத்தேன். கல்யாணம் ஆகி மூணு வருசத்துல நாங்க சேந்தாப்புல ரெண்டு நாள் இருந்ததில்ல. இவளைக் கூட்டிக்கிட்டு ஒரு ஒண்ணரை மாசம் எங்கயாச்சும் போயிரணும். காலைல எந்திரிச்சா பக்கத்துல இருக்கணும். அவளுக்குத் தெரியாம, திடீர்னு சொல்லணும்னு…”

பேருந்தில் யாரோ இரண்டு முறை ஹாரன் அடித்தார்கள்.

“அந்த லீவுலதான் மேடம் இப்ப இருக்கேன். ஆஸ்பத்திரிக்கு மூணு நாள் போச்சு. மத்ததெல்லாம் காரியத்துக்குப் போய்க்கிட்டிருக்கு.”

வீரலட்சுமி அவன் முதுகில் கை வைத்தாள். எலும்பு நடுங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

“மேடம்” என்றான் அவன். “ஒருத்தன் இருந்தான்னு சொல்லிருங்களேன்.”

“தம்பி…”

“இருந்தான்னு சொல்லுங்க. எவனோ ஒருத்தன். பேர்கூட வேண்டாம். வந்தான், உக்காந்து சாப்பிட்டான்னு மட்டும் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். யாராச்சும் வந்திருந்தா, அந்தப் புதன்கிழமைல எல்லாம் அவ தனியா உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டால்ல.”

வாசலில் நின்று எத்தனையோ பொய்களைக் கையால் தடவிக் கண்டுபிடித்தவளுக்கு, இந்த ஒரு பொய்யைச் சொல்ல நா எழவில்லை.

“யாரும் இல்லப்பா” என்றாள். “உனக்காகத்தான் உக்காந்திருந்தா.”

அப்போதுதான் அவன் அழுதான். பதினான்கு நாள் அழுகை. பெஞ்சின் இன்னொரு முனையில் இருந்த பூக்காரி எழுந்து இடம் விட்டாள். நடத்துநர் வந்து, “மதுரை, சாத்தூர், கோவில்பட்டி! யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, அவனைப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டார்.

கௌதம் எழுந்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிரிண்டை மடிக்காமல், உருட்டாமல், அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பேருந்துப் படியில் ஏறினான். விடைபெறவில்லை. ஜன்னல் ஓரம் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஜன்னல் இருக்கையைக் காலியாக விட்டு, அவன் நடைவழிப் பக்கம் உட்கார்ந்தான்.

பேருந்து கிருஷ்ணகிரி சாலையில் திரும்பி மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

“கருமாதில உக்காந்துருவானாக்கா?”

“உக்காந்துருவான். எந்திரிக்கத்தான் யாராச்சும் கை குடுக்கணும்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அவன் மாமியார் நம்பர் குடுத்தானே, வச்சிருக்கியா?”

“இருக்குக்கா.”

“போடு. நான் பேசறன்.”